டெக்குக்குக் கீழே ஒருமுறை குனிந்து பாருங்கள்

விக்ரோறியா தின வார இறுதி வந்துவிட்டால் ஸ்காபரோவில் எங்கள் தெருவின் சத்தமே மாறிவிடும். காலையில் புல்வெட்டும் மெசின், பத்து மணிக்கு மேல் பிரஷர் வாஷரின் இரைச்சல். குளிர்காலம் முழுக்க யன்னலோரம் வெயில் தேடி நின்ற கறிவேப்பிலைச் சாடிகளை இரண்டு பேர் சேர்ந்து தூக்கி டெக்கில் வைப்பார்கள். பிளாஸ்ரிக் கதிரைகள் வெளியே வரும். ஏழு மாதமாகத் திரும்பியும் பார்க்காத பலகைத் தளத்தை அன்றைக்குத்தான் வீட்டுக்காரர் உற்றுப் பார்ப்பார். அது நரைத்துக் கிடக்கும். நிழல் விழும் மூலையில் பாசி வழுக்கும். முன்பு பூசிய நிறம் செதில் செதிலாகக் கிளம்பியிருக்கும். மதியத்துக்குள் அவர் கடைக்குப் போய் ஒரு வாளி பூச்சு வாங்கி வந்துவிடுவார்.

நானும் அப்படித்தான் வாங்கினேன். வெடிப்பு, பொருக்கு எல்லாவற்றையும் மூடி, பழைய டெக்கைப் புதிதாக்கிவிடும் என்று சொல்லி விற்கப்பட்ட தடித்த பூச்சு அது. சனிக்கிழமை கழுவினேன். ஞாயிற்றுக்கிழமை பூசினேன். அந்தக் கோடையில் வந்தவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள். இரண்டாவது வசந்தத்தில் பனி கரைந்தபோது, கொதித்த பாலில் படியும் ஆடையைப் போலப் பூச்சு சுருண்டு எழுந்து நின்றது. கையால் பிடித்து இழுத்தால் முழ நீளத்துக்கு உரிந்து வந்தது. அடியில் பலகை கறுத்து ஊறியிருந்தது.

எங்கள் தெருவில் ஓர் அண்ணை இருக்கிறார். யாழ்ப்பாணத்தில் ஓடாவி வேலை பழகியவர். கனடாவுக்கு வந்தபின் நெடுங்காலம் டெக் அடிப்பதையே தொழிலாகச் செய்தவர். கூப்பிட்டுக் காட்டினேன். உரிந்த தோலை விரலால் நசித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, இது பெயின்ற்ரின்ர பிழை மட்டுமில்லை. நீர் ஈரத்தை உள்ளுக்கை வைச்சுப் பூட்டிப்போட்டீர். அது எங்கால போறது? உடைச்சுக்கொண்டுதானே வரும்."

இந்தக் கட்டுரை அந்த ஒரு பேச்சிலிருந்து பிறந்தது. ஸ்காபரோ, மார்க்கம், ஏஜக்ஸ், பிரம்டன் என்று நம்மவர்கள் வீடு வாங்கிய இடமெல்லாம் பின்வளவில் ஒரு டெக் நிற்கிறது. ஊரில் திண்ணையும் முற்றமும் செய்த வேலையை இங்கே அதுதான் செய்கிறது. ஆனால் திண்ணை சீமெந்து, டெக் மரம். அந்த மரத்தை எப்படி வைத்திருப்பது என்று நமக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நிறம் போனால் பூச வேண்டும் என்பது மட்டும்தான் நமக்குத் தெரிந்திருக்கிறது. பார்க்க வேண்டியது நிறத்தை அல்ல, தண்ணீர் எங்கே தங்குகிறது என்பதை.

நரை ஒரு நோயல்ல

அண்ணை முதலில் செய்தது, நரைத்த பலகை ஒன்றைக் கத்தி நுனியால் மெல்லச் சுரண்டிக் காட்டியது. கடதாசித் தடிப்புக்குச் சாம்பல் நிறம் போனதும் அடியில் பொன்னிறம் தெரிந்தது. மரம் அப்படியே இருந்தது.

மரநார்களை ஒட்டிப் பிடித்திருக்கும் பசை போன்ற பொருள் இலிக்னின். வெயிலின் புறஊதாக் கதிர் அதைத்தான் உடைக்கிறது. உடைந்ததை மழை கழுவிக்கொண்டு போக, வெளிறிய செலுலோசு நார் மேலே மிஞ்சுகிறது. அதன்மேல் கரும்புள்ளியாக மென்பூஞ்சணம் படிகிறது. நாம் காணும் நரை இவை இரண்டும் சேர்ந்ததுதான். மென்மரங்கள் வெயிலிலும் மழையிலும் தேய்வது நூறு ஆண்டுக்கு ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் என்று மர ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். நமது டெக் பலகையின் தடிப்பு வழக்கமாக ஓர் அங்குலம், அதாவது 25 மில்லிமீட்டர். வெயில் மட்டும்தான் எதிரி என்றால் அந்தப் பலகை பேரப்பிள்ளைகளின் காலத்தையும் தாண்டி நிற்க வேண்டும்.

நின்றும் இருக்கிறது. நோர்வேயின் போர்குண்டில் ஒரு மரத் தேவாலயம் 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டப்பட்டது. எண்ணூறு ஆண்டுப் பனியையும் மழையையும் பார்த்துவிட்டு இன்றும் நிற்கிறது. அதைக் கட்டியவர்கள் தூண்களை மண்ணில் நடாமல், கல் அத்திவாரத்தின் மேல் வைத்த மரச்சட்டங்களில் நிறுத்தினார்கள். கூரையைச் செங்குத்தாகச் சரித்தார்கள். காலத்துக்குக் காலம் பைன் மரத் தார் பூசி வந்தார்கள். மண்ணைத் தொடாத மரம், தண்ணீர் நில்லாத சரிவு, மறக்காத பூச்சு. அங்கே நடந்தது இவ்வளவுதான்.

டெக்கின் துன்பம் அது படுத்துக் கிடப்பதில் இருக்கிறது. சுவரில் விழும் மழை வழிந்து போய்விடும். படுத்த பலகையில் அது தங்கும். திருகாணி இறங்கிய குழியில் தங்கும், இரண்டு பலகைக்கு நடுவே அடைத்த மேப்பிள் இலையில் தங்கும், வெட்டிய முனையின் வழியே நாருக்குள் ஏறும். ரொறன்ரோவின் மார்ச் மாதத்தில் பகலில் உருகும் தண்ணீர் இரவில் மறுபடி உறைகிறது. உறையும் தண்ணீர் கனவளவில் 9 வீதம் பெருக்கும். தலைமயிர் போன்ற வெடிப்புக்குள் புகுந்த தண்ணீர் ஒவ்வொரு இரவும் அதை இன்னும் கொஞ்சம் அகட்டும். பிறகு ஆழத்துக்கு ஈரம் இறங்கும். மரத்தை உண்ணும் பூஞ்சணம் வருவது அதன் பின்னால்தான். மரத்தின் ஈரத்தை 20 வீதத்துக்குக் கீழே வைத்திருந்தால் அந்தப் பூஞ்சணத்தால் வளர முடியாது. காற்றையும் வெப்பத்தையும் நம்மால் தடுக்க இயலாது. நம் கையில் இருப்பது ஈரம் ஒன்றுதான்.

அதனால் நரைத்த டெக்கைக் கண்டு பதறாதீர்கள். திருகாணி முடுக்கியால் குத்திப் பாருங்கள். நுனி தட்டுப்பட்டு நின்றால் மரம் நலமாக இருக்கிறது. கால் அங்குலம் மெத்தென்று இறங்கினால் அந்தப் பலகைக்கு எந்த நிறம் பூசியும் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும்.

பச்சைப் பலகையும் ஓர் இந்தியரும்

இங்கே டெக் அடிக்கும் மரம் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று பிரிட்டிஷ் கொலம்பியாவிலிருந்து வரும் செஞ்சீடர். அதன் வைரத்தில் இயற்கையாகவே பூஞ்சணத்தை எதிர்க்கும் சேர்வைகள் உண்டு. விலை கூட. மற்றது, மலிவான மென்மரத்தில் செம்புக் கரைசலை அழுத்தத்தால் ஏற்றிய பலகை. பிரஷர் ட்ரீட்டட் என்று எல்லாரும் சொல்வது இதைத்தான். பெரிய உருளைத் தாங்கிக்குள் மரத்தை அடுக்கி, முதலில் காற்றை உறிஞ்சி எடுத்து, பிறகு மருந்துக் கரைசலை அழுத்தி உள்ளே செலுத்துகிறார்கள். கனடாவின் சில மரங்கள் மருந்தை எளிதில் குடிக்காது. அதனால்தான் நம்முடைய பலகைகளில் கத்தியால் கீறியதுபோலச் சின்னச் சின்னப் பிளவுகள் வரிசையாக இருக்கின்றன. மருந்து இறங்குவதற்காக வெட்டிய வாசல்கள் அவை.

இந்தத் தொழிலின் வரலாற்றில் நம் பக்கத்து மனிதர் ஒருவரின் பெயர் இருக்கிறது. தெலுங்கரான சொந்தி காமேசம், தேராதூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் வேலை செய்த விஞ்ஞானி. சுரங்கங்களுக்கும் ரயில் பாதைகளுக்கும் மரம் உளுக்காமல் கிடைக்க வேண்டியிருந்த காலம் அது. செம்பு பூஞ்சணத்தைத் தடுக்கும், ஆசனிக் பூச்சியைத் தடுக்கும். ஆனால் இரண்டையும் மழை கழுவிவிடும். குரோமியத்தைச் சேர்த்தால் அவை மரநாரோடு பிணைந்து நின்றுவிடும் என்பதை 1933இல் அவர் கண்டுபிடித்தார். ஆசனிக்கினதும் செம்பினதும் வேதியியல் குறியீடுகளைச் சேர்த்து அதற்கு 'ஆஸ்கு' என்று பெயர் வந்தது. 1938இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. பிற்காலத்தில் சி.சி.ஏ. என்ற பெயரில் வட அமெரிக்காவின் தந்திக் கம்பங்கள், வேலிகள், டெக்குகள் பலவும் இந்தக் கலவையில் தோய்ந்தன. கோடிக்கணக்கான மரங்கள் வெட்டப்படாமல் தப்பியதில் இந்தக் கண்டுபிடிப்புக்குப் பங்குண்டு. காமேசத்தின் பெயரை நம்மில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறோம்?

ஆசனிக் நஞ்சு. பிள்ளைகள் தவழ்ந்து விளையாடும் தளத்தில் அது இருக்கலாமா என்ற கேள்வி எழுந்தபின், 2003 முடிவோடு வீட்டுப் பாவனைக்கு சி.சி.ஏ. மரம் செய்வதை அமெரிக்காவிலும் கனடாவிலும் தயாரிப்பாளர்கள் நிறுத்திக்கொண்டார்கள். இன்று விற்கும் பலகையில் செம்பு இருக்கும், ஆசனிக் இருக்காது. நீங்கள் வாங்கிய வீட்டின் டெக் 2004க்கு முந்தியது, சீடர் அல்ல என்றால் அது சி.சி.ஏ. மரம் என்றே எண்ணி நடந்துகொள்ளுங்கள். அதை மினுக்குத்தாள் போட்டுத் தேய்க்கக் கூடாது. கழற்றிய துண்டுகளைக் குளிர்காய எரிக்கவே கூடாது. சாம்பலிலும் புகையிலும் ஆசனிக் இருக்கும். அந்தப் பலகையில் மாவைக் கொட்டிக் காயவைப்பதும் வேண்டாம். பழைய டெக் பலகையில் மரக்கறிப் பாத்தி கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். அதுவும் கூடாது.

புதிய பலகைக்கும் ஒரு எச்சரிக்கை. அழுத்தி ஏற்றிய மருந்து பலகையின் நடுவரை போவதில்லை. அளவுக்கு வெட்டும்போது வெளிப்படும் முனை பச்சை மரம்தான். அந்த முனைக்குப் பூசுவதற்கென்றே தனி மருந்து கடையில் சின்ன டப்பாவில் கிடைக்கிறது. அதைப் பூசாத டெக்கில் உளுப்பு முனையிலிருந்துதான் தொடங்கும். திருகாணியும் சூட்டில் தோய்த்த நாக முலாமிட்டதாகவோ துருப்பிடிக்காத உருக்காகவோ இருக்க வேண்டும். செம்பு ஏறிய மரம் சாதாரண ஆணியை வேகமாக அரித்துவிடும்.

கழுவுதல்

இதில்தான் அதிகம் கெடுத்துக்கொள்கிறோம். பிரஷர் வாஷர் கையில் வந்ததும் ஒரு உற்சாகம் வந்துவிடுகிறது. சாம்பல் போய்ப் பொன்னிறம் தெரிய, இன்னும் கிட்டப் பிடிக்கிறோம். வீட்டு மெசின்கள் சதுர அங்குலத்துக்கு 2,000 இறாத்தல் அழுத்தத்தையும் தாண்டக்கூடியவை. சீடர் போன்ற மென்மரத்துக்கு 500, 600 போதும். அதற்கு மேல் போனால் மரத்தின் மெதுவான பகுதி உழுதுபோய் வரி எலும்பு மட்டும் மேலே நிற்கும். காய்ந்தபின் அதில் வெறுங்காலோடு நடந்த பிள்ளைக்குச் சிலாம்பு ஏறும். மெசின் பாவிக்கத்தான் வேண்டுமென்றால் விசிறி போல விரியும் மூக்கைப் போட்டு, ஒரு அடி தூரம் விட்டு, நார் ஓடும் திசையிலேயே இழுங்கள். ஒரே இடத்தில் நிறுத்தாதீர்கள்.

என் தீர்ப்பு என்னவென்றால், வீட்டு டெக்குக்கு மெசினே தேவையில்லை. அண்ணை பாவிப்பது ஒரு வாளி, ஒரு நீளப்பிடித் தூரிகை, தோட்டத்து றப்பர் குழாய். தூரிகை நைலோனாக இருக்க வேண்டும். கம்பித் தூரிகை வேண்டாம், உடைந்த கம்பித் துகள் மரத்தில் தங்கித் துருப் புள்ளி வைக்கும். கழுவுவதற்கு முதல் அவர் முழங்காலில் இருந்து, தகட்டுக் கத்தியால் பலகை இடைவெளியில் அடைத்த இலையையும் மண்ணையும் கிளறி எடுப்பார். முக்கால் மணி நேரம் அதற்கே போகும். அந்த இடைவெளி தண்ணீர் போகும் வாய்க்கால். அதைத் திறக்காமல் மேலே தேய்ப்பதில் அர்த்தமில்லை.

தேய்க்கும் மருந்து சோடியம் பெர்காபனேற்று. ஒக்சிசன் பிளீச் என்று தூளாக விற்கிறார்கள். இளஞ்சூட்டுத் தண்ணீரில் கரைத்தால் ஐதரசன் பேரொக்சைட்டும் சோடாவும் ஆகிவிடும். நுரைத்து அழுக்கைக் கிளப்பும். பலகையை நனைத்து, கரைசலை ஊற்றி, காயவிடாமல் பத்துப் பதினைந்து நிமிடம் வைத்து, தேய்த்துக் கழுவ வேண்டும். பக்கத்துச் செடிகளுக்கு முதலே நிறையத் தண்ணீர் ஊற்றி, வேலை முடிய மறுபடி கழுவிவிடுங்கள். சலவைக்குப் பாவிக்கும் குளோரின் பிளீச் வேண்டாம். அது மரத்தை வெளிறச் செய்யும், நாரையும் தளர்த்தும், செடியையும் கருக்கும். அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. குளோரின் பிளீச்சை அமோனியாவோடோ எந்த அமிலத்தோடோ கலந்தால் நச்சு வாயு கிளம்பும். அந்த இரண்டு போத்தலும் ஒரே வாளிக்கு அருகில்கூட இருக்கக் கூடாது.

நம் வீட்டு டெக்குகளில் இரண்டு கறை நிச்சயம் இருக்கும். ஒன்று, கறிவேப்பிலைச் சாடியும் மல்லிகைச் சாடியும் கோடை முழுக்க நின்ற இடத்தில் கறுத்த வட்டம். அது சாடிக்கு அடியில் காயாமலே கிடந்த ஈரத்தின் தடம். சாடிக்கு அடியில் மூன்று சிறு கால்களோ மரத்துண்டுகளோ வைத்தால் காற்று போகும், கறையும் வராது. வெளியில் விரிக்கும் பிளாஸ்ரிக் பாயும் இதே கேட்டைச் செய்யும். மற்றக் கறை எண்ணெய். மீன் பொரிக்கும் வாசம் வீட்டுக்குள் வரக் கூடாதென்று அடுப்பை டெக்குக்குக் கொண்டுவருகிறோம். எண்ணெய் இறங்கிய இடத்தில் எந்தச் சாயமும் பிடிக்காது. பாத்திரம் கழுவும் சவர்க்காரத்தை ஊற்றி ஊறவைத்துத் தேய்ப்பதை முதலில் செய்யுங்கள்.

சீடரில் ஆணியைச் சுற்றி மை போலக் கறுப்புப் படர்ந்திருந்தால் அது மரத்தின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து வந்த கறை. அதற்கு ஒட்சாலிக் அமிலக் கரைசல். புளியாரை இலையின் புளிப்பும் இதே அமிலம்தான், அந்தச் செடியின் தாவரவியல் பெயரிலிருந்தே அமிலத்துக்குப் பெயர் வந்தது. ஆனால் கடையில் விற்பது செறிவான நஞ்சு. கையுறையும் கண்ணாடியும் போடாமல் தொடாதீர்கள். பிறகு நன்றாகக் கழுவிவிடுங்கள்.

பொறுத்துப் பூசுதல்

கழுவிய மறுநாள் பூசியதுதான் என் முதல் பிழை. நல்ல வெயிலிலும் குறைந்தது இரண்டு நாள் காய வேண்டும், நிழல் டெக் என்றால் மூன்று நான்கு. மரத்தின் ஈரம் 15 வீதத்துக்குக் கீழே வந்திருக்க வேண்டும். அதை அளக்கும் சின்னக் கருவி கடையில் கிடைக்கிறது. அண்ணையிடம் கருவி இல்லை. விரலை நனைத்துப் பலகையில் நாலு துளி விடுவார். ஒரு நிமிடத்துக்குள் மரம் குடித்துவிட்டால் பூசலாம். முத்துப் போல நின்றால் அன்றைக்கு வேலை இல்லை. "குடிக்க மனமில்லாத மாட்டை இழுத்துக்கொண்டு போய் என்ன செய்யிறது?" என்பார். புதிதாக அடித்த பிரஷர் ட்ரீட்டட் பலகை ஈரம் சொட்டச் சொட்ட வருவதால் அது காயக் கிழமைகள், சிலவேளை மாதங்கள்கூட ஆகும். அதற்கும் இந்தத் துளிச் சோதனைதான் நாள் சொல்லும்.

என் இரண்டாவது பிழை, பூச்சைத் தெரிந்தெடுத்தது. பெயின்ற்றும் தடித்த பூச்சும் கியூட்டெக்ஸ் மாதிரி மேலே தோலாக நிற்பவை. ஸ்டெயின் மருதோன்றி மாதிரி உள்ளே இறங்குவது. மருதோன்றி மங்கும், உரியாது. மங்கிய டெக்கை அடுத்த முறை கழுவி மேலே ஒரு கை பூசினால் போதும். உரிந்த டெக்கை முழுதாகச் சுரண்டி எடுக்க வேண்டும். எனக்கு அதற்கு நாலு வார இறுதிகள் போயின, முழங்கால் வலி தனி. சுவருக்கும் கைப்பிடிக்கும் தடித்த பூச்சு நிற்கலாம். கால் மிதிக்கும், தண்ணீர் தேங்கும், பனிச் சவள் உரசும் தளத்துக்கு அது ஆகாது. எந்த விளம்பரம் எதைச் சொன்னாலும் இதில் என் மனம் மாறாது.

நிறமே இல்லாத தெளிந்த எண்ணெய் வேண்டுமென்று சிலர் கேட்பார்கள். அது தண்ணீரைக் கொஞ்சக் காலம் தடுக்கும், வெயிலைத் தடுக்காது. புறஊதாக் கதிரைத் தடுப்பது சாயத்தில் உள்ள நிறமணிகள். அதனால் ஓராண்டில் மறுபடி நரைக்கும். மரவரி தெரியும் அளவுக்கு நிறம் உள்ள அரைத்தெளிவு ஸ்டெயின் தளத்தில் இரண்டு மூன்று ஆண்டு தாங்கும். நம் வீடுகளுக்கு அதுதான் பொருத்தம்.

பூசும் நாளில் வெப்பம் 10 பாகைக்கும் 32 பாகைக்கும் இடையில் இருக்க வேண்டும். அடுத்த நாள் மழை இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். நேர்வெயில் விழும் பலகையில் பூசினால் மேலே காய்ந்துவிடும், உள்ளே இறங்காது. மூன்று நாலு பலகையைத் தெரிந்துகொண்டு ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நிறுத்தாமல் தூரிகையால் இழுங்கள். நடுவில் நிறுத்தினால் தழும்பு தெரியும். மரம் குடிக்கும் அளவுக்குத்தான் பூச வேண்டும். பதினைந்து இருபது நிமிடத்தில் குடிக்காமல் பளபளத்து நிற்பதைத் துணியால் துடைத்து எடுங்கள். விட்டால் அது பிசுபிசுத்துக் காலில் ஒட்டும்.

துடைத்த அந்தத் துணியைப் பற்றி ஒரு வார்த்தை. எண்ணெய் ஸ்டெயின் தோய்ந்த துணி காயும்போது காற்றோடு சேர்ந்து வெப்பம் விடும். கசக்கிக் குப்பைத் தொட்டிக்குள் போட்டால் அந்த வெப்பம் வெளியேற வழியின்றித் தானாகவே தீப்பிடிக்கும். 1991 பெப்ரவரி 23 அன்று அமெரிக்காவின் பிலடெல்பியாவில் வன் மெரிடியன் பிளாசா என்ற 38 மாடிக் கட்டடம் தீப்பற்றியது. மரவேலைக்குப் பாவித்த ஆளிவிதை எண்ணெய்த் துணிகளை 22ஆம் மாடியில் விட்டுப் போயிருந்தார்கள். தீ பிறந்தது அவற்றில்தான். எட்டு மாடிகள் எரிந்தன, தீயணைப்பு வீரர் மூவர் இறந்தார்கள். நம் வீடுகளில் அந்தத் துணி கராஜ் மூலையில் பெற்றோல் கானுக்குப் பக்கத்தில் கிடக்கும். வெளியே வேலியில் தனித்தனியாக விரித்து முழுதாகக் காயவிடுங்கள். இல்லாவிட்டால் தண்ணீர் நிரப்பிய தகர டப்பாவில் அமிழ்த்தி இறுக மூடுங்கள்.

ஊரில் அப்பா பனஞ்சிலாகைக்கும் வேலிக் கம்பத்தின் அடிக்கும் கழிவு ஒயில் பூசுவார், கறையான் வராமல் இருக்க. இங்கேயும் கார் ஒயில் மாற்றியதை டெக்குக்கு அடியில் பூசியவர்களை எனக்குத் தெரியும். அப்பாக்களின் சிக்கனத்தை மதிக்கிறேன். ஆனால் அது இங்கே வேண்டாம். பார்பிகியூ நெருப்புக்குக் கீழே எரிபொருளைப் பூசிவைப்பது அது. ஒயிலில் உள்ள உலோகக் கழிவு மழையோடு மண்ணுக்கும் மரக்கறிப் பாத்திக்கும் இறங்கும்.

கீழே

டெக்கின் மேற்பக்கத்துக்கு இவ்வளவு எழுதிவிட்டேன். ஆனால் அண்ணை என்னிடம் முதலில் கேட்டது கீழ்ப்பக்கத்தைப் பற்றித்தான். "கடைசியா எப்ப குனிஞ்சு பாத்தனீர்?" நான் ஒருமுறையும் பார்த்ததில்லை.

வீட்டுச் சுவரோடு ஒரு நீளப் பலகை பூட்டப்பட்டிருக்கும். டெக்கின் பாரத்தில் பாதியை அது தாங்குகிறது. அதைப் புரியாணியாலோ தடித்த திருகாணியாலோ வீட்டுச் சட்டத்தோடு இறுக்கியிருக்க வேண்டும். வெறும் ஆணி அடித்திருந்தால் அது ஆபத்து. டெக் விழும் விபத்துகளில் மிக அதிகம் காணப்படும் குறை இதுதான். அந்தப் பலகைக்கு மேலே சுவரோடு மடித்த தகடு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சுவரில் வழியும் தண்ணீர் பலகைக்குப் பின்னால் போய் வெளியே தெரியாமல் உளுக்க வைக்கும்.

சிக்காகோவின் லிங்கன் பார்க் பகுதியில் 2003 யூன் 29 அதிகாலை, விருந்தொன்று நடந்துகொண்டிருந்த வீட்டின் மூன்றாம் மாடி மரத்தளம் கீழ்த்தளங்களின் மேல் இடிந்து விழுந்தது. 13 பேர் இறந்தார்கள், 50க்கும் மேற்பட்டோர் காயப்பட்டார்கள். கலிபோர்னியாவின் பேர்க்லியில் 2015 யூன் 16 அன்று ஒரு பிறந்தநாள் விருந்தில் மாடத்தளம் உடைந்து ஆறு இளையோர் இறந்தார்கள். பெரும்பாலானோர் கோடை வேலைக்கு அயர்லாந்திலிருந்து வந்த மாணவர்கள். அந்தக் கட்டடத்துக்குப் பத்து வயதுகூட ஆகவில்லை. உள்ளே புகுந்த தண்ணீர் தாங்கு மரங்களை உளுக்க வைத்திருந்தது, மேலே எதுவும் தெரியவில்லை. அதன்பின் கலிபோர்னியா 2018இல் சட்டம் இயற்றி, வாடகை அடுக்குமாடிகளின் இத்தகைய மரத்தளங்களை ஆறு ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதிக்க வைத்தது. நம் பின்வளவு டெக்கைப் பார்க்க அப்படி யாரும் வரப்போவதில்லை. நாம்தான் பார்க்க வேண்டும்.

வீட்டு டெக்குகளை வழக்கமாகச் சதுர அடிக்கு 40 இறாத்தல் பாரத்துக்குக் கணக்கிட்டுக் கட்டுகிறார்கள். நாலு கதிரையும் ஒரு மேசையும் அதற்கு ஒன்றுமே இல்லை. ஆனால் சாமத்திய வீடும் பிறந்தநாளும் நம் வீடுகளில் எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். படம் எடுக்கும்போது அறுபது பேர் ஒரே பக்கம் கைப்பிடியோடு நெருங்கி நிற்போம். பாட்டுப் போட்டால் எல்லாரும் ஒரே தாளத்தில் ஆடுவோம். மேலே அழகாக நிறம் பூசிய டெக், கீழே துருப்பிடித்த ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தால் அந்த நேரத்தில்தான் தெரியவரும்.

என் டெக்கின் கீழே மூன்று தாங்கிகள் மெத்தென்று இருந்தன. சுவர்ப் பலகை ஆணியில்தான் நின்றது. வீட்டை வாங்கிய நாளிலிருந்து பதினொரு கோடை அதன்மேல் விருந்து வைத்திருக்கிறோம். அண்ணையும் நானும் இரண்டு நாளில் தாங்கிகளை மாற்றி, புரியாணி போட்டு இறுக்கினோம், தகடு மடித்தோம். நிறம் பூசியது அதற்குப் பிறகு, செப்ரெம்பரில். இப்போது அது கொஞ்சம் மங்கியிருக்கிறது. அந்த மங்கல் என்னை உறுத்தவில்லை.

இந்த வார இறுதியில் சாடிகளையும் கதிரைகளையும் வெளியே எடுப்பதற்கு முதல் ஒரு ரோச் லைற்றும் திருகாணி முடுக்கியும் எடுத்துக்கொண்டு டெக்குக்குக் கீழே போங்கள். சுவர்ப் பலகையைக் குத்திப் பாருங்கள். ஆணியா புரியாணியா என்று பாருங்கள். மெத்தென்று எங்காவது இறங்கினால், அதைத் திருத்தும்வரை ஒருவரையும் மேலே ஏற விடாதீர்கள்.